காரணம் புலப்படாத வியாதிக்குப் பெயரிடுதல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஒரு வியாதிக்குப் பெயரிடுவது அற்பமான காரியமென்று பலர் எண்ணக்கூடும். நோய் நோயாகவே இருக்க, அதை எப்பெயரால் அழைத்தால்தான் என்ன என்று கேட்பாரும் உண்டு. ஆயினும், பெயர் ஒன்று வழங்கத் தொடங்கியவுடனே காரணமும் தெரிந்துவிட்டதாக ஜனங்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. பெயர் பிழையாயின் பரிகாரமும் பிழையாகும். வைத்திய சரித்திரத்தில் இதற்கு உதாரணங்கள் பல உண்டு.

மலேரியா என்னும் சொல் இத்தாலிய பாஷையில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் காற்றே அந்தச் சுரத்துக்குக் காரணமென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1897-ம் வருஷத்தில் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர், கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டபின்னரே குற்றம் காற்றினுடையதன்று என்பது விளங்கிற்று. அதுவரையில் பெயரே ஜனங்களைத் தவறான திசையில் நோக்கச் செய்தது.

இதற்கு மாறான உதாரணமும் ஒன்று உண்டு. பெரிபெரி என்னும் நோய் முற்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில் மிகுதியாகக் காணப்பட்டது. 1835-ம் வருஷத்திலேயே மால்கம்ஸன் என்னும் வைத்தியர் அதைப்பற்றிச் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். பெரிபெரி என்ற பெயர் எந்தக் காரணத்தையும் சாதிக்கவில்லை. ஆகவே எவரையும் அது கட்டுப்படுத்தவுமில்லை. 1884-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்துக் கப்பற்படை வைத்தியர் டகாகி, மாலுமிகளின் ஆகாரத்தை மாற்றி அந்நோயை அடக்கினார். அதற்குக் காரணமான சத்து இன்னதென்று பிரித்தெடுக்கப்பட்டது 1926-ம் வருஷத்தில்தான். தீட்டிய பச்சரிசி உண்டவர்களை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களை அவ்வளவாக அணுகாததன் ரகசியமும் அப்போது தெளிவாயிற்று. காரணம் முற்றும் தெரியுமுன்னரே பரிகாரம் கிடைக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

இப்பொழுது உலகத்தில் பல தேசத்து விவசாயிகளை வருத்தும் வியாதி ஒன்று இவ்விரண்டு கதைகளுக்கும் நடுவே நிற்கிறது. அதற்குப் பெயர்கள் பல உண்டு. நிச்சயமான காரணம் இன்னும் ஒன்றும் இல்லை. அதன் வரலாற்றை அறிந்துகொள்வது உழுது பயிரிடும் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

வியாதியின் தன்மை

கிராமங்களில் குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகங்கள் முதுகெலும்பின் இருமருங்கிலும் ஒவ்வொன்றாக, மூடிய கைப்பிடியளவில் இருக்கின்றன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதையெல்லாம் மறுபடியும் உடலுக்குள் ஏற்றுக்கொண்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகின்றன. வடிகட்டும் பாகம் ஒன்று. வடித்த நீரிலிருந்து நல்லதை மீட்கும் நுண்ணிய குழல்கள் மற்றொன்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெரும்பாலும் வடிகட்டும் பாகத்தைக் கெடுக்கும். இங்கே சொல்லப்படும் வியாதியோ குழல்களையும் அவற்றைச் சூழ்ந்த தசையையும் கெடுத்துத் தழும்பாக்குகிறது.

இதனால் ஒரு பெருங்கேடு உண்டாகிறது. வடிகட்டும் பாகம் கெட்டால் சிறுநீரில் அதிகமாகப் புரதம் கசியும், நுரை காணும், முகமும் காலும் வீங்கும். குழல்கள் கெட்டாலோ இவ்வடையாளங்கள் தொடக்கத்தில் தோன்றுவதில்லை. நோயாளி வழக்கம்போல ஏர் பிடிப்பான், களை எடுப்பான், கதிர் அறுப்பான். களைப்பும் பசியின்மையும் கண்டு வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கி, பெரும்பாகம் பயனற்றுப் போயிருக்கும். அதன்பின் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல், அல்லது வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தத்தை யந்திரத்தின் மூலம் சுத்தி செய்யும் டயாலிசிஸ் சிகிச்சை, இவையே கதியாகும். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் செல்லும். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இதனால் நேரும் இடரைச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

காணப்பட்ட இடங்கள்

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் இந்நோய் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய முதலிய ஊர்களில் நெல் விளைவிக்கும் குடியானவர்கள், பெரும்பாலும் நடுவயதினர், ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதுற்று வந்தனர். அவர்களில் பலருக்கு நீரிழிவு இல்லை. கடுமையான இரத்தக் கொதிப்பும் இல்லை. தமிழர் வசிக்கும் வவுனியா ஜில்லாவிலும் இந்நோய் காணப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், பூமியின் மறுபுறத்தில் மத்திய அமெரிக்காவிலும் இது தோன்றியது. எல் சால்வடார் தேசத்தின் தலைநகரத்து வைத்தியசாலை ஒன்றில், சிறுநீரகம் முற்றும் கெட்டு வந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை என்று 2002-ம் வருஷத்தில் வைத்தியர்கள் எழுதினர். நிகராகுவா தேசத்தில் சிச்சிகல்பா என்னும் ஊரைச் சுற்றிலும் கரும்பு வெட்டும் தொழிலாளர் இந்நோயால் மாண்டனர். அங்கே ஒரு சிற்றூருக்கு 'விதவைகளின் தீவு' என்ற பெயரே வழங்கலாயிற்று.

இந்தியாவில் ஆந்திர ராஜ்யத்தின் ஸ்ரீகாகுளம் ஜில்லாவில், கடலோரத்துத் தென்னந்தோப்பும் முந்திரித்தோப்பும் நிறைந்த உத்தானம் பிரதேசம் இந்நோய்க்குப் பேர்போனது. கவிட்டி, சோம்பேட்டை, இச்சாபுரம், பலாசா முதலிய இடங்கள் அதிற் சேர்ந்தவை. முன்னர் பெரிபெரியால் வருந்திய வடசர்க்கார் கரையே இதுவும் என்பது கவனிக்கத்தக்கது. 2020-ம் வருஷத்தில் புதுச்சேரி ஜிப்மர் ஸ்தாபனத்து வைத்தியர்கள், புதுச்சேரியையும் அதனை அடுத்த தமிழ் ஜில்லாக்களையும் சேர்ந்த கிராமத்தாரிடம் இத்தகைய நோய் இருப்பதை எடுத்துக்காட்டினர். ஆகவே இது அயல் தேசத்துச் செய்தி மாத்திரமன்று.

பெயர்களின் வரலாறு

இவ்வியாதிக்கு இடப்பட்ட பெயர்களை வரிசையாக நோக்கின், ஒவ்வொரு பெயரும் ஒரு கட்சியைப் பேசுவது புலனாகும்.

இலங்கையில் வழங்குவது 'காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக வியாதி' என்னும் பெயர். அந்நாட்டுச் சுகாதார இலாகா 2009-ம் வருஷத்தில் வகுத்த விதியின்படி, நீரிழிவு, கடுமையான இரத்தக் கொதிப்பு, பாம்புக்கடி, முன்னமே அறியப்பட்ட மூத்திர உறுப்பு நோய்கள் ஆகியவை இல்லாதவருக்கே இப்பெயர் பொருந்தும். அதாவது, எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்தபின் எஞ்சியதற்கு இடப்பட்ட பெயர் இது. இதில் நேர்மை உண்டு. அறியாததை அறியாதது என்றே சொல்கிறது. ஆயினும் இதற்கும் ஒரு குறை உண்டு. காரணம் தெரியாதென்று பெயரிலேயே எழுதிவிட்டால், பொறுப்பாளி எவரும் இல்லை என்றாகிவிடுகிறது. நஷ்டஈடு கேட்கவும் இடமில்லை.

மத்திய அமெரிக்காவில் 2012-ம் வருஷக் கடைசியில் கோஸ்டா ரிக்கா தேசத்தில் கூடிய ஆராய்ச்சியாளர் 'மீஸோ அமெரிக்கச் சிறுநீரக நோய்' என்று வழங்கினர். உத்தானத்து நோயும் அவ்வாறே இடத்தின் பெயரைப் பெற்றது. புதுச்சேரி வைத்தியர்கள் தாங்கள் கண்டதற்குத் 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்று பெயரிட்டனர். இடப்பெயர் காரணத்தைப்பற்றி ஒன்றும் சாதிப்பதில்லை. அது அதன் நன்மை. ஆனால் ஓர் ஊரின் பெயரை நோயுடன் பிணைத்துவிட்டால் அவ்வூராருக்கு நேரும் கஷ்டம் சிறிதன்று. பெண் கொடுக்கவும் எடுக்கவும் பிறர் தயங்குவர். நிலத்தின் விலை குறையும். அவ்வூர் விளைபொருளை வாங்க அஞ்சுவர். நோய் இருப்பதை மறைக்கும் வழக்கமும் இதனாலேயே வளர்கிறது. மறைத்த நோய் முற்றிய பின்னரே வெளிப்படும்.

மூன்றாவது வகைப் பெயர் தொழிலைச் சுட்டுவது. 2013-ம் வருஷத்தில் அமெரிக்கக் கண்டத்துத் தேசங்களின் சுகாதார ஸ்தாபனம், 'மத்திய அமெரிக்க விவசாய சமூகங்களில் காணும் நாட்பட்ட சிறுநீரக வியாதி' என்ற பெயரால் இதை ஒரு பெரிய பொதுஜன சுகாதாரப் பிரச்னையாக ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது. 2017-ம் வருஷத்தில் இலங்கையையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், சிறுநீரகத்தில் கெடும் பாகத்தையும் சேர்த்து 'விவசாய சமூகங்களின் குழலிடைச் சிறுநீரக அழற்சி' என்னும் கருத்துடைய பெயரைக் கூறினர். தொழிலைச் சுட்டும் பெயர், நோயாளிக்கு உரிமையைத் தருவது. தொழில் தந்தவருக்கோ கடமையைத் தருவது. ஆகையால்தான் சிலர் அதை விரும்புகின்றனர், சிலர் விரும்புவதில்லை.

காரணங்களைப்பற்றிய வாதங்கள்

முதலாவது வாதம் வெயிலும் தாகமும் ஆகும். கொதிக்கும் வெயிலில் நாள்தோறும் பல மணி நேரம் கடின வேலை செய்து, வியர்வையால் இழந்த நீரை ஈடு செய்யாதிருப்பின், சிறுநீரகம் மீண்டும் மீண்டும் சிறு சேதமடைந்து கடைசியில் நிலையாகக் கெட்டுவிடும் என்பர். மத்திய அமெரிக்காவில் தாழ்ந்த உஷ்ண நிலங்களில் கரும்பு வெட்டுவோருக்கு நோய் மிகுதி. குளிர்ந்த மலைகளில் காப்பித் தோட்ட வேலை செய்வோருக்குக் குறைவு. இது இவ்வாதத்துக்குப் பலம். ஆனால் வெயில் எங்கும் உண்டு. உழைப்பும் எங்கும் உண்டு. அவ்வளவே காரணமாயின், உஷ்ண தேசங்களிலெல்லாம் இது பரவியிருக்கவேண்டும். ஒரு கிராமத்தில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் காண்பதேன் என்ற கேள்வி எழுகிறது.

இரண்டாவது வாதம் குடிநீர். இலங்கையில் நோய் மிகுந்த ஊர்களின் கிணற்றுநீர் உவர்ப்பும் கடினமும் உடையது. அதில் ப்ளோரைட் என்னும் உப்பும் மிகுதி. இயற்கை ஊற்று நீரைக் குடிப்போரிடம் நோய் குறைவென்றும் காணப்பட்டுள்ளது. இது வலிமையுள்ள சான்று. ஆயினும் தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலும் நீரில் ப்ளோரைட் மிகுதி. அங்கே பிரசித்தி பெற்ற கேடு பற்களும் எலும்பும் கெடுவதேயாகும். யாழ்ப்பாணத்து நீரும் சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கடின நீரேயாம். ஆகவே நீரின் கடினம் மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்பளித்தல் கூடாது.

மூன்றாவது வாதம் உலோக விஷங்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் இலங்கைச் சுகாதார இலாகாவும் சேர்ந்து நடத்தி 2013-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோய் மிகுந்த பிரதேசங்களில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் இந்நோயின் அடையாளம் தென்பட்டது. முதிர்ந்த நிலை பெரும்பாலும் ஆண்களிடமே காணப்பட்டது. காட்மியம் என்னும் உலோகம் சிறிது சிறிதாக உடலிற் சேர்வது ஒரு காரணமாகலாம் என்று அவ்வாராய்ச்சி கருதியது. காட்மியத்தின் கொடுமை முன்னமே அறியப்பட்டதுதான். ஜப்பானில் ஜின்ஸூ ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரால் விளைந்த நெல்லை உண்டவர்கள், எலும்பு முறியும் வேதனையால் 'ஐயோ வலிக்கிறது' என்று அலறியதால், அந்நோய்க்கு 'இதை இதை' என்றே பெயராயிற்று. 1968-ம் வருஷத்தில் அந்நாட்டு அரசாங்கம் அதன் காரணம் காட்மியம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இலங்கை நோயாளிகளிடம் அவ்வித எலும்பு நோய் காணப்படவில்லை.

நான்காவது வாதம் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி கடின நீருடன் சேர்ந்து உலோகங்களைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுசெல்கிறதென்று 2014-ம் வருஷத்தில் இலங்கை ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் ஊகம் வெளியிட்டனர். வேறு சிலரோ, மருந்துகளை மிகுதியாக உபயோகிக்கும் நுவரெலியா மலைநாட்டுக் காய்கறிப் பயிர்க்காரரிடம் இந்நோய் ஏன் இல்லை என்று வினவினர். அம்மலைநாடு குளிர்ச்சியானது, நீரும் மென்மையானது என்று அதற்கு மறுமொழி கூறப்படுகிறது. இவ்வாறு ஒவ்வொரு வாதத்துக்கும் ஓர் ஆட்சேபமும், ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஒரு சமாதானமும் உண்டு. ஒரே காரணமன்று, பல காரணங்கள் ஒன்றுகூடியே இந்நோயை விளைவிக்கின்றன என்பது இப்பொழுது பலருடைய அபிப்பிராயம். தேசத்துக்குத் தேசம் வெவ்வேறு நோய்களே ஒரே தோற்றத்துடன் விளங்குகின்றனவோ என்ற ஐயமும் நீங்கவில்லை.

அவசர முடிவின் பலன்

ஊகத்தை உண்மையென்று கொண்டால் விவசாயிக்கு நேரும் நஷ்டம் என்ன என்பதற்கும் இலங்கையே சாட்சி. அங்கே 2015-ம் வருஷத்தில் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018-ம் வருஷத்தில் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022-ம் வருஷத்தில் முழுவதும் நீக்கப்பட்டது. இதற்கிடையில் 2021-ம் வருஷத்தில் எல்லா இரசாயன உரங்களின் இறக்குமதியும் திடீரென்று நிறுத்தப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோயும் ஒன்று. நெல் விளைச்சல் குறைந்து, குடியானவர்கள் கொதித்தெழ, சில மாதங்களுக்குள் அத்தடை கைவிடப்பட்டது. மருந்துகளை வரைமுறையின்றித் தெளிப்பது தீங்கு என்பதில் சந்தேகமில்லை. எனினும் நிரூபிக்கப்படாத காரணத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, அப்பெயரின்மீது சட்டத்தைக் கட்டினால், கட்டிடம் நிலைப்பதில்லை.

பொறுமைக்கு ஓர் உதாரணம்

காரணம் என்றுமே தெரியாமற் போய்விடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. ஐரோப்பாவில் டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய பல்கேரியா, ருமேனியா, யுகோஸ்லாவியா தேசங்களின் கிராமங்களில் இதைப் போன்ற ஒரு சிறுநீரக நோய் 1956, 1957-ம் வருஷங்களில் வைத்தியர்களால் விவரிக்கப்பட்டது. 'பால்கன் சிறுநீரக நோய்' என்று அதற்கு இடப்பெயரே இட்டனர். ஒரு கிராமத்தில் இருக்கும். அடுத்த கிராமத்தில் இராது. ஒரு வீட்டில் பலரை வாட்டும், எதிர்வீட்டை நெருங்காது. ஈயம், பூஞ்சைக்காளான், நிலக்கரி கலந்த நீர் என்று பற்பல காரணங்கள் கூறப்பட்டன. 1969-ம் வருஷத்தில் இவிச் என்பவர், கோதுமை வயல்களில் முளைக்கும் அரிஸ்டோலோக்கியா என்ற களையின் விதை தானியத்தோடு கலந்து மாவாக அரைக்கப்படுவதே காரணமென்றார். அக்காலத்தில் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

பல வருஷங்கள் சென்றபின், பெல்ஜியம் தேசத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட ஸ்திரீகள் பலருக்கு அதே விதமாகச் சிறுநீரகம் கெட்டது. அம்மாத்திரையில் அதே இனத்துச் செடி கலந்திருந்தது பின்னர் வெளியாயிற்று. 2007-ம் வருஷத்தில் பால்கன் நோயாளிகளின் உடலிலேயே அச்செடியின் விஷம் பதித்த அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் இடப்பெயர் விலகி, காரணத்தின் பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று. அரை நூற்றாண்டு காத்திருந்து பெற்ற பெயர் அது.

தமிழ்நாட்டாருக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவையே. விஷக்கடிக்கும் வயிற்று உபாதைக்கும் அவற்றை அரைத்து உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆட்டுக்கும் வேண்டாததென்று பெயரிலேயே விலக்கப்பட்ட செடியை மனிதர் உட்கொள்ளாதிருத்தல் நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

காரணம் தெரியும் வரையில் கைகட்டியிருக்கவேண்டும் என்பதில்லை. எந்த வாதம் மெய்யாயினும் பின்வரும் காரியங்களால் நன்மையே அன்றித் தீமை இல்லை.

1. இரத்தப் பரிசோதனை. இந்நோயில் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது; தொடக்கத்தில் புரதம் கசியாமலிருக்கலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சோதித்தலே உண்மையைக் காட்டும். வயல்வேலை செய்யும் அங்கத்தினர் அனைவரும், ஆணும் பெண்ணும், ஆண்டுக்கொருமுறை இச்சோதனையைச் செய்துகொள்ள அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் பேசி, சங்கமே ஒரு நாள் ஏற்பாடு செய்யலாம்.

2. நீர், நிழல், ஓய்வு. எல் சால்வடாரில் 2014-ம் வருஷத்து அறுவடை முதல், கரும்பு வெட்டுவோருக்கு அருகிலேயே குடிநீரும், நடமாடும் நிழற்பந்தலும், குறித்த நேரத்தில் ஓய்வும் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் நிகராகுவாவிலும் இது விரிவாக நடந்தது. ஓய்வு கூடிய இடங்களில் சிறுநீரகச் சேதம் குறைந்தது. உழவும் அறுப்பும் விடியற்காலையில் தொடங்கி உச்சிவெயிலில் நிறுத்தப்படுவது முன்னோர் வழக்கம், அதைக் கைவிடலாகாது. நோய் முற்றியவர்கள் மட்டும் எவ்வளவு நீர் பருகலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு நடக்கவேண்டும்.

3. குடிநீர். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாச் சோதனைச்சாலைகளில் கிணற்றுநீரைச் சோதிக்கச் செய்யலாம். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் கிராமத்தாரின் சங்கங்களே நீரைச் சுத்தி செய்யும் யந்திரங்களை நடத்தி, சொற்ப விலைக்குக் குடிநீர் வழங்கிவருகின்றன. கூட்டுறவுக்கு இதனினும் தகுந்த வேலை வேறில்லை.

4. வலிக்கு மாத்திரை. உடல் வலிக்கென்று மருந்துக்கடையில் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகள் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை. தாகத்துடன் வெயிலில் வேலை செய்பவருக்கு அவற்றின் கேடு இரட்டிப்பாகும். வைத்தியர் சொல்லாமல் அவற்றைத் தொடர்ந்து உண்ணலாகாது.

5. பயிர்மருந்து. மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிதல், காற்றுக்கு எதிராகத் தெளியாமை, காலி டப்பாக்களை நீர் எடுக்க உபயோகிக்காமை ஆகியவை வேண்டும். சங்கம் உரமும் மருந்தும் விற்குமாயின், இவற்றையும் உடன் வைத்திருத்தல் அதன் கடமை.

6. கடனும் ரகசியமும். பரிசோதனையில் நோய் தெரிந்தால் சங்கம் கடன் மறுத்துவிடும் என்ற பயம் பலரைச் சோதனைக்கே வரவொட்டாமற் செய்கிறது. எவருடைய சோதனை முடிவும் நிர்வாகிகள் காதுக்கு எட்டாதபடி செய்தலும், நோயுற்றவரின் தவணைக்கு அவகாசம் கொடுத்தலும் சங்கத்தின் கண்ணியத்துக்கு உரியவை. டயாலிசிஸ் வேண்டியவர்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற் சேர்த்துவிடுவதும் காரியதரிசி செய்யக்கூடிய உதவியாகும்.

7. பதிவு. எந்தத் தெருவில், எந்தக் கிணற்று நீர் குடித்த, எந்த வேலை செய்த எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற விவரமே ஆராய்ச்சிக்கு மூலதனம். பால்கன் கிராமங்களில் உண்மையைக் காட்டிய தடயம், நோய் இன்ன வீட்டில் உண்டு, இன்ன வீட்டில் இல்லை என்ற கணக்கேயாகும். ஊராரின் சம்மதத்துடன், பெயர்களை வெளியிடாமல், கிராம சுகாதார ஊழியர் மூலம் இக்கணக்கை எழுதி வைத்தல் பின்வரும் சந்ததிக்குச் செய்யும் பேருதவி.

முடிவுரை

நோயாளியின் மனைவி வைத்தியரிடம் முதலிற் கேட்பது, 'இது என்ன வியாதி?' என்பதே. அடுத்துக் கேட்பது, 'இது எதனால் வந்தது?' என்பது. முதற் கேள்விக்கு விடை சொல்ல இன்று பெயர்கள் பல உண்டு. இரண்டாவதற்கு விடை இன்னும் முற்றுப்பெறவில்லை. அதை ஒளியாமற் சொல்லும் வைத்தியரே நம்பத்தக்கவர். ஒரே சொல்லில் காரணத்தைக் கூறி ஒரே புட்டியில் மருந்தை விற்பவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

பெயர் நிலைபெறும் வரையில் நோய் நின்றுகொண்டிராது. அது நடந்துகொண்டேயிருக்கும். மாலுமிகளின் சோற்றை மாற்றிய டகாகிக்கு அதன் சத்தின் பெயர் தெரியாது. ஆயினும் அவருடைய மாலுமிகள் பிழைத்தனர். அவ்வாறே, வருஷத்துக்கொரு முறை இரத்தப் பரிசோதனை, வேலைக்களத்தில் ஒரு குடம் நல்ல நீர், உச்சிவேளையில் ஒரு நிழல் ஆகிய இம்மூன்றையும் இவ்வருஷமே தங்கள் கிராமத்தில் ஏற்படுத்தும் சங்கம், இந்நோய்க்கு நாளை எப்பெயர் வந்தாலும் தன் அங்கத்தினர் பலரை அதனின்றும் காத்ததாகும்.